இரும்புக்கு வெளியேறும் வழி இல்லை

சாப்பாட்டில் உப்பு சற்றுக் கூடிவிட்டால் சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். வைட்டமின் சி மிகுந்துபோனால் அதுவும் சிறுநீரோடு போய்விடும். இரும்புக்கு மட்டும் அப்படியொரு வழி மனித உடலில் கிடையாது. தோல் உதிர்வது, குடலின் உட்புறச் செல்கள் உதிர்வது என்று நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிகிராம் கழியும், அவ்வளவுதான். அதற்கு மேல் இரும்பு வெளியேற வேண்டுமென்றால் ரத்தம் வெளியேற வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிய எந்தப் பேச்சும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். ஆனால் நம் வீடுகளில் நடப்பது வேறு. கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு மாத்திரை அட்டை பாதி தீராமல் அலமாரியில் கிடக்கும். அதே வீட்டில் ஐம்பத்தைந்து வயது ஆண் ஒருவர், ‘அசதியா இருக்கு’ என்று சொல்லி மருந்துக்கடையில் வாங்கிய டானிக்கை மாதக்கணக்கில் குடித்துவருவார். தேவைப்படுகிறவர் விட்டுவிடுகிறார், தேவையில்லாதவர் விடாமல் எடுக்கிறார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இரும்பை நாம் எல்லோருக்கும் எப்போதும் நல்லது செய்யும் பொதுவான சத்தாக நினைக்கிறோம். உண்மையில் இரும்பு மாத்திரை குறிப்பிட்ட ஒரு பருவத்துக்கும் குறிப்பிட்ட ஒரு குறைக்கும் உரிய மருந்து. அதற்குத் தொடங்கும் நாளும் உண்டு, நிறுத்தும் நாளும் உண்டு.

ரத்தத்தில் இரும்பு இருப்பதை இத்தாலியின் பொலோஞா நகரத்து மருத்துவர் வின்சென்சோ மெங்கினி 1740களில் காட்டினார். ரத்தத்தை எரித்துச் சாம்பலாக்கி, அதனருகே காந்தத்தைக் கொண்டுபோனபோது சாம்பல் துகள்கள் ஒட்டிக்கொண்டன. அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் சைடன்ஹாம், வெளிறிப்போன இளம்பெண்களுக்கு இரும்புத் துருவலை மதுவில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார். 1832இல் பிரான்ஸ் மருத்துவர் பியேர் பிளோ ஃபெரஸ் சல்ஃபேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து உருண்டை மாத்திரை செய்தார். நம் சித்த மருத்துவத்திலும் அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் சோகைக்குரிய மருந்துகள். அன்னபேதி என்பது அரசு மாத்திரைகளில் இருக்கும் அதே ஃபெரஸ் சல்ஃபேட்தான். ஆக, ரத்தம் குறைந்தவர்க்கு இரும்பு கொடுக்கலாம் என்பது உலகம் நெடுநாளாக அறிந்த செய்தி. யாருக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்கான விடை கிடைக்கத் தொடங்கியது மிகவும் பிந்தித்தான்.

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தமே 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் இருந்து, மூச்சுக்காற்றின் ஆக்சிஜனைப் பிடித்து உடலெங்கும் கொண்டுபோகிறது. மீதியில் பெரும்பகுதி கல்லீரல் முதலிய இடங்களில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிப்பாக இருக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ஆயுள் முடிந்த அணுவை உடலின் துப்புரவுச் செல்கள் விழுங்கி, அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்து எலும்பு மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. இப்படிச் சுழற்சியில் வரும் இரும்பு தினமும் 20 முதல் 25 மில்லிகிராம். சாப்பாட்டிலிருந்து உடல் புதிதாக எடுத்துக்கொள்வதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இது. ரத்த இழப்பில்லாத, வளர்ச்சி முடிந்த உடலுக்கு வெளியிலிருந்து மிகக் கொஞ்சம் வந்தால் போதும் என்பதும், வளர்ந்துகொண்டோ ரத்தம் இழந்துகொண்டோ இருக்கும் உடலுக்கு அது போதவே போதாது என்பதும் இந்த ஏற்பாட்டிலிருந்தே விளங்கும்.

வயதுவாரியாகப் பார்த்தால் தேவை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது வியப்பாகவே இருக்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து ஒரு சேமிப்போடு வருகிறது. அது நான்கு முதல் ஆறு மாதம் வரை தாங்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு என்றாலும், இருப்பது நன்றாக உடலில் சேரும் என்பதால் அந்தக் காலத்துக்கு அது போதும். பிறந்தவுடன் தொப்புள்கொடியைக் கட்டுவதை ஒரு நிமிடமாவது தள்ளிப்போடச் சொல்வதற்கும் இதுவே ஒரு காரணம்: அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குள் வந்து சேரும் ரத்தம், பின்மாதங்களுக்கான இரும்பு. ஆறு மாதம் கடந்தால் கணக்கு மாறிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தையின் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 0.7 மில்லிகிராம் இரும்பு சேர வேண்டும். வளர்ந்த ஆணுக்கு வேண்டியது சுமார் 1 மில்லிகிராம். எட்டுக் கிலோ உடம்புக்கும் அறுபது கிலோ உடம்புக்கும் தேவையில் அவ்வளவு நெருக்கம். இந்தக் குழந்தைக்கு நாம் ஊட்டுவதோ பெரும்பாலும் குழைத்த பருப்புச் சோறும் பசும்பாலும். பாலில் இரும்பு அனேகமாக இல்லை; அதிலுள்ள கால்சியம் மற்ற உணவின் இரும்பையும் சேரவிடாமல் குறைக்கிறது.

பள்ளிப் பருவத்தில் தேவை சற்றுத் தணிந்து, பதின்பருவத்தில் மீண்டும் எழும். உடல் வளரும்போது ரத்தத்தின் அளவும் கூடியாக வேண்டும் என்பதால் பையன்களுக்கும் இந்த வயதில் தேவை கூடுகிறது. ஆனால் வளர்ச்சி நின்றதும் தணிந்துவிடுகிறது. பெண்களுக்கு அப்படித் தணிவதில்லை. ஒரு மாதவிடாயில் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர் ரத்தம் போகிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதம் 15 முதல் 20 மில்லிகிராம், நாளுக்குப் பங்கிட்டால் அரை மில்லிகிராமுக்கு மேல் கூடுதல் செலவு. இது சராசரிதான். 80 மில்லிலிட்டருக்கு மேல் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய தேவை ஆணின் தேவையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிவிடுகிறது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரையில், ஒரு நாள் உணவில் ஆணுக்கு 19 மில்லிகிராமும் பெண்ணுக்கு 29 மில்லிகிராமும் இரும்பு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருப்பது இதனால்தான். நம் வீட்டுப் பந்தியிலோ கணக்கு தலைகீழ். கூடுதலாகத் தேவைப்படுகிறவர் கடைசியாக உட்கார்ந்து, குழம்பில் மிஞ்சியதைப் போட்டுக்கொள்கிறார்.

கர்ப்பகாலத்தைத் தனியாகவே கணக்கிட வேண்டும். ஒரு கர்ப்பம் முழுவதற்குமான மொத்தத் தேவை ஏறத்தாழ 1000 மில்லிகிராம். குழந்தையின் உடலுக்கு 270 முதல் 300 வரை போகிறது. நஞ்சுக்கொடிக்கு 50 முதல் 90. தாயின் சிவப்பணுக்கள் பெருகுவதற்கு 450 அளவுக்கு வேண்டும். வழக்கமான கழிவு 230. இந்த ஆயிரமும் ஒன்பது மாதங்களில் சமமாகப் பரவுவதில்லை. மாதவிடாய் நின்றுவிடுவதால் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 0.8 மில்லிகிராம் போதும். கர்ப்பமாகாத பெண்ணுக்கு வேண்டியதைவிடக் குறைவு. கடைசி மாதங்களில் அது 7 மில்லிகிராமையும் தாண்டும். உடலும் இதற்குத் தகுந்தபடி மாறுகிறது. பிரிட்டனில் கர்ப்பிணிகளிடம் செய்யப்பட்டு 1994இல் வெளியான ஓர் ஆய்வில், உணவிலிருந்து இரும்பு சேரும் விகிதம் 12ஆம் வாரத்தில் 7 சதவீதமாகவும், 24ஆம் வாரத்தில் 36 சதவீதமாகவும், 36ஆம் வாரத்தில் 66 சதவீதமாகவும் இருந்தது. அப்படியானால் உடலே பார்த்துக்கொள்ளுமே, மாத்திரை எதற்கு என்று கேட்கலாம். நிறைந்த சேமிப்போடு கர்ப்பமாகி, நல்ல உணவு சாப்பிடும் பெண்ணுக்கு அந்தக் கேள்வி ஓரளவு பொருந்தும். நம் நாட்டில் 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4 சதவீதத்தினருக்கு. சேமிப்பே இல்லாமல் கர்ப்பமாகிறவரின் குடல் எவ்வளவு திறமையாக உறிஞ்சினாலும், தட்டில் இல்லாததை உறிஞ்ச முடியாது. நான்காம் மாதத்திலிருந்து மாத்திரை கொடுப்பதன் நியாயம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

மாதவிடாய் நின்றபின் பெண்ணின் தேவை ஆணின் தேவைக்குச் சமமாக இறங்கிவிடுகிறது. அந்த வயதுப் பெண்ணுக்கோ வளர்ந்த ஆணுக்கோ இரும்பு குறைந்திருந்தால், மாத்திரையைப் பற்றி யோசிக்குமுன் கேட்க வேண்டியது வேறு: ரத்தம் எங்கே போகிறது? சாப்பாடு மோசம் என்பதால் மட்டும் ஓர் ஆணுக்கு இரும்பு தீர்ந்துபோவது அரிது. வயிற்றுப் புண், மூலம், வலி மாத்திரைகளால் குடலில் ஏற்படும் கசிவு, கொக்கிப்புழு, பெருங்குடல் புற்றுநோய் என்று காரணங்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவில் தினமும் சில மில்லிலிட்டர் ரத்தம் கசிந்தாலே சேமிப்பு மெல்ல மெல்லக் காலியாகும். இந்த நிலையில் கடையில் வாங்கிக் குடிக்கும் டானிக் ஹீமோகுளோபினைக் கொஞ்சம் ஏற்றி, அசதியையும் குறைத்து, அடியில் இருக்கும் நோயைச் சில மாதம் மறைத்துவைக்கும். புற்றுநோயில் அந்தச் சில மாதங்களின் விலை என்ன என்பதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். ஆக, முப்பது வயதுப் பெண்ணுக்குச் சிகிச்சையாக இருக்கும் அதே மாத்திரை, அறுபது வயது ஆணுக்கு நோயறியும் வாய்ப்பைத் தட்டிப்பறிக்கக்கூடும்.

வெளியேற வழி இல்லாத ஒரு பொருளை உடல் எப்படிக் கட்டுப்படுத்துகிறது? உள்ளே வரும் வாசலில் காவல் வைத்துத்தான். குடல் செல்களுக்குள் வந்த இரும்பு ரத்தத்தில் கலப்பதற்கு ஃபெரோபோர்ட்டின் என்ற புரதம் வாசலாக இருக்கிறது. கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் அந்த வாசலை மூடுகிறது. இந்த ஹார்மோன் 2000ஆம் ஆண்டையொட்டித்தான் அடையாளம் காணப்பட்டது. சேமிப்பு நிறைந்திருந்தால் ஹெப்சிடின் கூடும். உறிஞ்சாமல் குடல் செல்லிலேயே தங்கிய இரும்பு, அந்தச் செல் சில நாளில் உதிரும்போது மலத்தோடு போய்விடும். சேமிப்பு குறைந்தாலும், மஜ்ஜை அவசரமாக ரத்தம் உற்பத்தி செய்தாலும் ஹெப்சிடின் குறைந்து வாசல் திறக்கும். காய்ச்சல், தொற்று, நாள்பட்ட அழற்சி இருந்தாலும் ஹெப்சிடின் கூடுகிறது. பல கிருமிகளுக்கு வளர இரும்பு தேவை என்பதால், நோயுற்ற உடல் அதை ரத்தத்திலிருந்து ஒளித்துவைக்கிறது. நாள்பட்ட நோய் உள்ளவர்கள் எத்தனை மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த ஹார்மோனைத் தெரிந்துகொண்டதும், நாளுக்கு இரண்டு மூன்று மாத்திரை என்ற பழைய வழக்கமும் கேள்விக்குள்ளானது. சூரிச் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 60 மில்லிகிராமும் அதற்கு மேலும் இரும்பு எடுத்தவர்களுக்கு ஹெப்சிடின் ஏறி, 24 மணி நேரம் வரை அப்படியே நீடித்து, மறுநாள் மாத்திரை உடலில் சேர்வதைக் குறைத்தது தெரிந்தது. அதே குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பு குறைந்த, ஆனால் ரத்தசோகை வராத இளம்பெண்களுக்கு ஒரே எண்ணிக்கை மாத்திரையைத் தினமும் கொடுத்தபோது 16 சதவீதம் சேர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது 22 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தது. சேராத இரும்பு குடலிலேயே கிடந்து வயிற்றுப் பிரட்டலையும் மலச்சிக்கலையும் தருகிறது. கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்ற எண்ணத்துக்கு உடலே மறுப்புச் சொல்லிவிட்டது.

அப்படியானால் அரசு ஏன் கர்ப்பிணிகளுக்குத் தினமும் கொடுக்கிறது? சூரிச் ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் கர்ப்பிணிகள் அல்லர், ரத்தசோகை உள்ளவர்களும் அல்லர். கர்ப்பத்தின் பிற்பாதியில் ஹெப்சிடின் தானாகவே மிகவும் தாழ்ந்துவிடுகிறது; வாசல் அகலத் திறந்திருக்கும் அந்த மாதங்களில் தினமும் கொடுப்பது வீணாவதில்லை. நாளும் 7 மில்லிகிராம் செலவாகும் காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மெதுவாகப் போக நேரமும் இல்லை. பிரசவத் தேதி காத்திருக்காது. அதேசமயம் தினசரி மாத்திரையை வயிறு ஏற்காத, ரத்தசோகை இல்லாத கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் இடம் கொடுத்திருக்கிறது. 2018இல் இந்திய அரசு தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின் அளவுகளைப் பார்த்தாலும் இந்த ஏற்ற இறக்கம் தெரியும்: ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாரம் இருமுறை 20 மில்லிகிராம் சிரப், ஐந்து முதல் ஒன்பது வயதுக்கு வாரம் ஒருமுறை 45 மில்லிகிராம் இளஞ்சிவப்பு மாத்திரை, பதின்பருவத்துக்கு வாரம் ஒருமுறை 60 மில்லிகிராம் நீல மாத்திரை, கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து தினமும் 60 மில்லிகிராம் சிவப்பு மாத்திரை 180 நாள், பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள். ஒரே இரும்புதான், பருவத்துக்கேற்ப அளவும் இடைவெளியும் மாறுகின்றன.

மாத்திரைக்கு எதிராக அடிக்கடி சொல்லப்படுவது, ‘முருங்கைக்கீரையும் பேரீச்சையும் சாப்பிட்டால் போதாதா’ என்பது. ரத்தம் இழக்காத, சேமிப்புள்ள உடலுக்குப் போதும்தான். காலியான சேமிப்பை நிரப்பப் போதுமா என்பதைக் கணக்கே சொல்லட்டும். 100 கிராம் முருங்கை இலையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. கீரை, பருப்பு, தானிய இரும்பில் நம் உடலில் சேர்வது பொதுவாக 5 முதல் 10 சதவீதம். கீரையில் உள்ள சில பொருள்கள் அதையும் குறைக்கும். ஐந்து சதவீதம் என்று வைத்தால் 100 கிராம் கீரையிலிருந்து கால் மில்லிகிராம்கூடத் தேறாது. வதக்கினால் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும் 100 கிராம் கீரையை நம்மில் எத்தனை பேர் தினமும் சாப்பிடுகிறோம்? மீன், இறைச்சி, ஈரல் ஆகியவற்றில் உள்ள இரும்பு இதைவிட எளிதாகச் சேரும். அதற்காகச் சாப்பாட்டை ஒதுக்கிவிடலாம் என்றில்லை. மாத்திரையால் நிரம்பிய சேமிப்பு மறுபடி காலியாகாமல் காப்பது சாப்பாடுதான். கீரைப் பொரியலோடு எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காய் சேர்த்தோ சாப்பிட்டால் வைட்டமின் சி இரும்பைக் கரைத்துச் சேரவைக்கும். புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் குழம்பில் கொஞ்சம் இரும்பு இறங்கும். ஆனால் சாப்பிட்டவுடன் ஒரு டம்ளர் டீ குடித்தால் அத்தனையும் போய்விடும்: தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் இரும்பைப் பிடித்து, சேர்வதில் பாதிக்கு மேல் குறைத்துவிடுகின்றன. மாத்திரையை டீயோடு விழுங்குகிறவர்கள் நம்மில் ஏராளம். சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது காசில்லாத வைத்தியம்.

இன்னும் கடுமையான எதிர்வாதம் ஒன்று உண்டு. 1970இல் தொடங்கிய தேசியத் திட்டம் முதல் அரை நூற்றாண்டுக்கு மேலாக மாத்திரை கொடுத்துவருகிறோம். 2015–16இல் 53 சதவீதமாக இருந்த பெண்களின் ரத்தசோகை அடுத்த கணக்கெடுப்பில் 57 ஆனது. மாத்திரையால் என்ன பயன்? இதற்கு விடை இரண்டு திசையில் இருக்கிறது. ஒன்று, கொடுத்த மாத்திரை எல்லாம் விழுங்கப்படவில்லை. மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயம், வாய்க்கசப்பு, குமட்டல், மலச்சிக்கல், ‘குழந்தை கறுப்பாகப் பிறக்கும்’ என்ற பேச்சு ஆகியவை அட்டையைப் பாதியில் நிறுத்திவிடுகின்றன. கறுப்பு மலம் என்பது சேராத இரும்பின் நிறம்தான், அதனால் கேடில்லை. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. இதைச் சொல்ல கிராம சுகாதார செவிலியருக்கு ஐந்து நிமிடம் வேண்டும். எண்ணிக் கொடுக்கவே நேரம் போதாத இடத்தில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. இரண்டாவது, ரத்தசோகை எல்லாம் இரும்புக் குறையால் வருவதல்ல. 2016–18இல் நடந்த தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பு, விரல் நுனியில் குத்தாமல் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துப் பரிசோதித்தது. ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் 41 சதவீதத்தினருக்கும், பதின்பருவத்தினரில் 28 சதவீதத்தினருக்கும் ரத்தசோகை இருந்தது. அவர்களில் கணிசமானோருக்கு இரும்பு குறையவில்லை. ஃபோலிக் அமிலம், பி12 குறைபாடு, தொற்று, தலசீமியா, நீலகிரிப் பழங்குடிகளிடம் காணப்படும் அரிவாள் அணுச் சோகை ஆகியவையும் ஹீமோகுளோபினைக் குறைக்கும். இவர்களிடம் இரும்பு மாத்திரை தோற்றுப்போவது மாத்திரையின் குற்றமில்லை. காரணம் பார்க்காமல் கொடுத்ததன் குற்றம்.

போனால் போகட்டும், தேவையில்லாதவருக்கும் கொடுத்தால் கேடா என்ற அலட்சியத்துக்கு இடமில்லை. தான்சானியாவின் பெம்பா தீவில் மலேரியா மிகுந்த சூழலில் வாழ்ந்த சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளியானது. மாத்திரை எடுத்த குழந்தைகளில் கடும் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் மற்றவர்களைவிட 12 சதவீதம் கூடுதல். மலேரியா உள்ள இடங்களில் மலேரியாத் தடுப்பும் சிகிச்சையும் சேர்ந்தே இருந்தால்தான் இரும்பு கொடுக்க வேண்டும் என்ற நிலைப்பாடு அதன் பிறகே உறுதியானது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிகுந்து, இதயத்திலும் கல்லீரலிலும் படிந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை மேலும் ஒரு சுமை. ரேஷன் கடைகளில் தரப்படும் செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றிய விவாதத்திலும் இந்தக் கவலைதான் மையம். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் என்ற அதன் அளவு சிறியது. பெரும்பாலோரைப் பொறுத்தவரை அச்சப்பட ஏதுமில்லை. ஆனால் தேவை கூடிய கர்ப்பிணியும் தேவையே இல்லாத ஆணும் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். ஆகவே அந்த அரிசி மாத்திரைக்கு மாற்றாக முடியாது.

ஆபத்து வேறு வடிவிலும் வருகிறது. சர்க்கரை பூசிய மாத்திரை குழந்தைகளின் கண்ணுக்கு மிட்டாய். உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராமை எட்டினால் உயிருக்கே ஆபத்து. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 60 மில்லிகிராம் மாத்திரை பத்தே போதும். அமெரிக்காவில் சிறு குழந்தைகள் நஞ்சுண்டு இறப்பதற்கு இரும்பு மாத்திரை முக்கியக் காரணமாக இருந்ததால், 1997இல் அங்கே அதை ஒவ்வொன்றாகப் பிரித்து அடைக்க வேண்டும் என்று விதி வந்தது. 2023 மார்ச்சில் உதகையில் பள்ளி மாணவிகள் பந்தயம் கட்டி அளவுக்கு மீறி விழுங்கியதில் ஒரு மாணவி உயிரிழந்தார். வாரத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் திட்டத்தில் ஒரு மாணவியின் கையில் ஓர் அட்டை முழுதும் எப்படி வந்தது என்ற கேள்வி, மாத்திரை நல்லதா கெட்டதா என்ற கேள்வியைவிடப் பெரிது. ஆசிரியர் முன்னால், சாப்பாட்டுக்குப் பின், ஒன்றை மட்டும் கொடுத்து விழுங்குவதைப் பார்ப்பதுதான் திட்டத்தின் உயிர். அதைத் தவறவிட்டால் இது வெறும் அட்டை விநியோகம்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், இரும்பு மாத்திரையைக் கேள்வி கேட்காமல் விழுங்குவதும் சந்தேகப்பட்டு வீசுவதும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். நடைமுறையில் செய்ய வேண்டியவை சிக்கலானவை அல்ல. ஹீமோகுளோபின் அளவு கர்ப்பிணிக்கு 11 கிராமுக்கும், மற்றப் பெண்களுக்கு 12க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழே போனால் ரத்தசோகை. ஆனால் சேமிப்பு முதலில் தீரும். ஹீமோகுளோபின் குறைவது கடைசியில்தான். ஆகவே அதிக ரத்தப்போக்குள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் ஃபெரிட்டின் பார்ப்பது நல்லது. மாத்திரை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் விழுங்கவில்லை, அல்லது சேரவில்லை, அல்லது ரத்தம் இன்னும் போகிறது, அல்லது இது இரும்புக் குறையே இல்லை. அப்போது மாத்திரையை இரட்டிப்பாக்குவதில் பொருளில்லை; காரணத்தைத் தேட வேண்டும். பிரசவம் நெருங்கிவிட்ட, மாத்திரைக்கு மசியாத சோகைக்கு நரம்பு வழி ஏற்றும் இரும்பு மருத்துவமனைகளில் இருக்கிறது. அது குடலின் காவலைத் தாண்டி நேரே ரத்தத்துக்குப் போவதால், மருத்துவர் கண்முன் மட்டுமே தரப்படுகிறது. எண் சரியானதும் சிகிச்சையை உடனே நிறுத்திவிடவும் கூடாது. சேமிப்பு நிரம்ப மேலும் சுமார் மூன்று மாதம் தொடர்ந்து, பிறகு நிறுத்த வேண்டும்.

நம் மருந்துச் சீட்டுகளில் ‘தினமும் ஒன்று’ என்று எழுதியிருக்கும். எத்தனை மாதம் என்று பெரும்பாலும் இருக்காது. கேட்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை. ரத்தம் எதனால் குறைந்தது, மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்ற இரண்டையும் மருத்துவரிடம் கேட்டு, விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்வது நோயாளியின் உரிமை. இந்த இரண்டுக்கும் விடை இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய்கூடப் பெறாத சிவப்பு மாத்திரை ஒரு தாயையும் குழந்தையையும் காப்பாற்றும் மருந்து. விடை இல்லாத இடத்தில், விலை உயர்ந்த டானிக் புட்டிகூடத் தேவையில்லாத உடலில் இறக்கிவைத்த பாரம்தான். அதைத் திருப்பி அனுப்பும் வழி அந்த உடலுக்குக் கிடையாது.